அம்புரோஸ் தொரையோட பாட்டு பிந்தி வந்த கத

கடலு ஒரு பக்கம், செந்தேரி மணல்மேடு ஒரு பக்கம், நடுவுல காத்து குடியிருந்த எடத்துல நாலு பனைய ஒதுக்கிட்டு மனுசரும் வந்து குடியேறின ஊரு சீயோன்விளை. அங்க காத்து வாங்கப் போறேன்னு யாரும் சொல்ல மாட்டாவ. காத்துதான் வந்து ஊர்ல இருந்து வாங்கிட்டுப் போவும். காயப்போட்ட சேலைய வாங்கும், கூரை ஓலைய வாங்கும், ஒரு பங்குனி மாசம் உபதேசியார் கையில இருந்து குடையையே வாங்கிட்டுப் போயி உப்பளத்துல நட்டு வச்சிட்டுது, உப்பு அள்ளுற பொம்பளைக கொஞ்ச நாளு அந்த நெழல்லதான் கஞ்சி குடிச்சாவ. அப்பேர்ப்பட்ட ஊருக்கு, காத்தப் புடிச்சிக் குழலுக்குள்ள அடைச்சிப் பாட வைக்கேன்னு சீமையில இருந்து ஒருத்தரு கெளம்பி வந்தாருன்னா, காத்து சும்மா இருக்குமா?

வந்தவரு பேரு அம்புரோஸ் தொர. சீமையில பெரிய கோயில் ஒண்ணுல ஆர்கன் வாசிச்சவரு. வாசிச்சவருன்னா, ரெண்டாவது ஆளு. மொத ஆளு அங்க பெரிய வாத்தியாருன்னு ஒரு கெழவரு. ஞாயித்துக்கெழம, பண்டிக, ராசா வீட்டு விசேசம், எல்லாத்துக்கும் அவருதான் வாசிப்பாரு. ஆளே வராத செவ்வாக்கெழம, புதங்கெழம மட்டும் அம்புரோசு வாசிக்கலாம், மத்த நாளு பக்கத்துல நின்னு தாள் திருப்பணும். கெழவரு போனாத்தான் நாற்காலி இவருக்கு. கெழவரும் இந்தா போறேன் அந்தா போறேன்னு இருமிக்கிட்டே இருந்தாரு. இருமி இருமி என்ன ஆச்சுன்னா, அம்புரோசுக்குத் தல நரைச்சிப் போச்சு, கெழவருக்கு இருமல் நின்னு போச்சு.

இளவட்டமா இருக்கையில அம்புரோசு ஒரு மாலைப் பாட்டு கட்டியிருந்தாரு. பொழுது சாயுறப்போ கோயிலுக்குள்ள வெளிச்சம் எப்படிப் படி எறங்கிப் போவுமோ, அப்படியே எறங்கி எறங்கிப் போயி, முடியுற எடத்துல திடுதிப்புனு மேல ஏறி, ஆர்கன்ல விரல் வச்சி அமுக்குற கட்டையிலேயே ஆகக் கடேசி ஓரக் கட்டையத் தொட்டு நிக்கும். அந்த ஒரு தொடுதலுக்காகத்தான் முழுப் பாட்டும். பெரிய வாத்தியாருட்டக் கொண்டு காட்டினாரு. அவரு மூக்குப்பொடியப் போட்டுக்கிட்டே தாளப் பொரட்டி, கடேசிச் சுரத்துல செவப்பு மையால ஒரு வட்டம் போட்டு, "இம்புட்டு ஒசரத்துல ஏறுறதுக்கு நீ யாருடா?"ன்னு மட்டும் கேட்டாரு. அம்புரோசு தாள வாங்கிப் பெட்டிக்குள்ள போட்டவருதான். சீயோன்விளைச் சபைக்குத் தலைவரான அத்தியட்சரு, புதுசாக் கட்டுற பெரிய கோயிலுக்கு ஒரு ஆர்கனும் அத வாசிக்க ஒரு ஆளும் வேணும்னு சொல்லி அனுப்பினப்போ, ஆர்கனோட சேந்து கப்பல் ஏறிட்டாரு. இங்கயாவது அந்தப் பாட்ட ஒரு தடவ தன் காதால கேட்டுறணும், அது ஒண்ணுதான் மனசுல.

கப்பல்ல ஒரு வயசான பாதிரியாருட்டத் தமிழ் படிச்சாரு. அதனால தொர வாயத் தொறந்தா பிரசங்கத் தமிழ்தான் கொட்டும். சந்தையில கத்திரிக்கா வாங்கினாக்கூட, "அம்மையே, இக்காயின் விலை யாது?"ன்னு கேப்பாரு, அந்தம்மா ஆமென்னு சொல்லிட்டு வெல சொல்லுவா.

ஆர்கன் பெட்டி பெட்டியா வந்து கரையில எறங்கிச்சு. தேரிமணல்ல மாட்டுவண்டிச் சக்கரம் அச்சு வரைக்கும் புதைஞ்சு போச்சு. மாடு படுத்துட்டு, இனி முடியாதுன்னுட்டுது. அத்தியட்சரு வேர்த்து விறுவிறுத்து நிக்காரு, ஊரு சனம் பாத்துச்சு, "வீட்டுக்கு ஒரு குழலா எடுங்கலே"ன்னு பெட்டிய ஒடைச்சு ஆளுக்கு ஒண்ணாத் தூக்கிட்டாவ. பனைமரம் ஒசரத்துக் குழல மீன்புடிக்கிற ஆளுக தோணி தூக்குற மாதிரி தோள்ல வச்சித் தூக்கினாவ, சாண் நீளக் குழல சின்னப் புள்ளைக இடுப்புல சொருகிக்கிட்டுதுக. கோயிலுக்கு வந்து பாத்தா, கூரை இன்னும் முடியல, மழையோ கருக்கிக்கிட்டு வருது. சரி, மழை முடியுந்தண்டி அவுகவுக குழல் அவுகவுக வீட்லயே இருக்கட்டும்னு அத்தியட்சரு சொல்லிட்டாரு.

இருந்துச்சு. ஒரு வீட்ல குழலுக்குள்ள நெத்திலி கொட்டி வச்சாவ. ஒரு வீட்ல பிரசவத்துக்கு வந்த மக தொட்டில் கட்டக் கம்பு இல்லாம குழல்ல கட்டினா. அந்தப் புள்ள வளந்தப்பறம் வாயத் தொறந்தா அடித்தொண்டையில ஒரே சுரந்தான் வரும், அவன மீனு ஏலம் விட வச்சாவ, நல்லாப் பொழைச்சான். அத விடுங்க. மழையில வெளிய போவ முடியாம வீட்டுக்குள்ள கெடந்த சனம் வேற என்ன செய்யும்? எல்லாரும் ஊதிப் பாத்தாவ. பெருசு, சிறுசு, மருமவ, மாமியா, எல்லாரும் ஊதினாவ. மழை விடுறதுக்குள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் அவுக குழலோட கொரல் நாக்குல ஒட்டிப் போச்சு. "எங்க குழல் உம்முங்கும்", "எங்க குழல் கீங்கும்"னு சம்பந்தம் பேசுற எடத்துல கூடப் பெருமையாச் சொல்லிக்கிட்டாவ.

மழை முடிஞ்சு எல்லாக் குழலும் திரும்பி வந்துச்சு, ஒண்ணத் தவிர. தொர ஒவ்வொண்ணா நட்டு வச்சி, கட்டைய அமுக்கி அமுக்கிச் சுருதி பாத்துக்கிட்டே வாராரு, கடேசி ஓரக் கட்டையில விரல வைக்காரு, சத்தத்தக் காணும். எண்ணிப் பாத்தா அந்த ஒரு குழல் இல்ல. அந்தச் செவப்பு மை வட்டம் கப்பல் ஏறி வந்து, கோயிலுக்குள்ள தனக்கு முன்னால உக்காந்திருக்க மாதிரி இருந்துச்சு தொரைக்கு. அத்தியட்சரு கோவத்துல, குழலத் திருடின கை என்ன கை, அது வெளங்குமான்னு கோயில்ல நின்னு பேசிட்டாரு. அதுக்கப்புறம் எடுத்தவ எப்படிக் கொண்டு வருவா?

எடுத்தது ஞானப்பூ. புதுப் பொண்ணு அப்போ. ஆர்கனுக்குக் காத்தடிக்கிற துருத்திய மிதிக்கிற வேலைக்குச் சேந்தானே தவசிமுத்து, அவன் பொண்டாட்டி. ஈர வெறகு, கண்ணுல பொகை, மாமியா ஏச்சு. கையில கெடந்த சின்னக் குழல எடுத்து அடுப்ப ஊதினா. குழலுக்கு இடுப்புல ஒரு சின்ன வாய் வெட்டியிருக்கும். அதக் கட்டவிரலாலப் பொத்திக்கிட்டு ஊதினா தீ பத்தும், விரல் நழுவினா விசிலடிக்கும். இப்படி ஒரு ஊதுகுழல் சீமைச்சீரா வந்தா எந்தப் பொம்பள திருப்பிக் குடுப்பா? அத்தியட்சரு சாபம் விட்டப்புறம் பயந்து போயி இடுப்புலயே சொருகிக்கிட்டா. அப்புறம் பாருங்க, தொரைக்குச் சமைக்க ஆளு வேணும்னு அவளையே கூட்டிட்டுப் போயி விட்டான் தவசிமுத்து. புருசன் காத்து கோயிலுக்கு, பொண்டாட்டி காத்து தொர வீட்டு அடுப்புக்கு.

விடியக் காலத்துல எப்பவாச்சும் அவ விரல் நழுவும். தொர படுக்கையில எந்திரிச்சு உக்காந்து, "ஞானப்பூவே, இப்பொழுது பாடின பறவை யாது?"ன்னு கேப்பாரு.

"கரிச்சான், தொர."

"மிகவும் உயரமான சுரத்தில் பாடுகிறது."

"அது அப்படித்தான் தொர, மேட்டிமை புடிச்ச குருவி. காப்பி ஆறுது, குடிங்க."

தவசிமுத்து தெனமும் தலையில அடிச்சிக்குவான். "ஏட்டி, குடுத்துத் தொலையேன்."

"குடுத்தா ஒனக்கும் வேல போவும், எனக்கும் போவும். வாய மூடிட்டு மிதி."

தொர சீமைக்கு எழுதி வேற குழலு வரவழைச்சாரு. ஒண்ணு வளைஞ்சு வந்துச்சு, ஒண்ணு வேற சுருதியில வந்துச்சு. அந்தக் கட்டை இல்லாம மாலைப் பாட்ட வாசிக்க மாட்டேன்னு அவருக்கு ஒரு வீம்பு. ஊருக்காக எத்தனையோ பாட்டு கட்டினாரு, அறுப்புப் பாட்டு, மழைப் பாட்டு, தோணி எறக்குற பாட்டு, எல்லாம் அந்த ஓரக் கட்டையத் தொடாம ஒதுங்கி ஒதுங்கிப் போவும், நடுவீட்ல நாயி படுத்திருந்தா நாம ஒதுங்கிப் போறமே, அது மாதிரி.

இப்படி இருக்கையில ஒரு ஞாயித்துக்கெழம காலைல தொர கட்டையில கை வச்சாரு, சத்தம் வரல. தவசிமுத்து மிதிக்கான், துருத்தி பொம்முனு இருக்கு, தொர விரல் ஓடுது, குழல் பூராவும் ஊமை. சனம் கொஞ்ச நேரம் பாத்துட்டு அதுபாட்டுக்குப் பாடி, அதுபாட்டுக்கு ஆமென் சொல்லி, வீட்டுக்குப் போயிருச்சு. வீட்ல மசாலா அரைச்சிக்கிட்டு இருக்கும்போது, பூட்டின கோயில்ல இருந்து ஆர்கன் கெளம்புது. காலைல தொர வாசிச்ச அதே பாட்டு, விரல் பெசகாம. அம்மியில கை வச்சமானிக்கு ஒருத்தி, "தொர இப்பத்தான் வந்து சேந்தாரு போல"ன்னா. அடுத்த வீட்டுக்காரி, "கொழம்பு கொதிக்கிறதுக்குள்ள வந்துதே, அது வரைக்கும் சந்தோசம்"னா. ரெண்டு பேரும் அரைச்சிக்கிட்டே பாடினாவ.

அடுத்த வாரம் இன்னும் பிந்துச்சு. அப்புறம் ஒரு பொழுது பிந்துச்சு, அப்புறம் ஒரு நாளு, ஒரு வாரம், ஒரு மாசம். ஏன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாவ. உப்புக்காத்துன்னாரு அத்தியட்சரு. காத்தக் கேக்காம அடைச்சா அது சம்மதிச்சித்தான வரும்னாரு அம்மங்கோயில் பூசாரி. மீன்புடிக்கிற ஆளுகதான் உறுதியாச் சொன்னாவ: பாட்டு இங்க இருந்து கெளம்பி, கடல் தாண்டிச் சீமைக்குப் போயி, அங்க இருக்க பெரிய வாத்தியாருட்டக் காட்டி, அவரு தலையாட்டினப்பறந்தான் திரும்பி வருது, கெழவருக்குக் காது மந்தமாயிக்கிட்டே போவுது, அதான் வரவர நேரமாவுது. தொர இதக் கேட்டுச் சிரிச்சாரு. சிரிச்சாரே ஒழிய, மனசுக்குள்ள அதுதான் உண்மையோன்னு ஒரு முள்ளு குத்திக்கிட்டே இருந்துச்சு.

ஊரு அதுக்கெல்லாம் நிக்கல. பழகிக்கிட்டுது. பாட்டு வாற நேரத்துக்கு யாரு எங்க நிக்காவளோ அங்கேயே நின்னு பாடிக்கிட வேண்டியது. பனையேறி மரத்து உச்சியில நின்னு பாடுவான், உப்பளத்துல குனிஞ்சவ நிமுந்து பாடுவா, வட்டிக்காரன் வீட்டு வாசல்ல நின்னு ஏசிக்கிட்டு இருக்கவன் கூட ஏச்ச நிறுத்தி ஒரு சரணம் பாடிட்டு மறுபடியும் ஏசுவான். தொர கிறிஸ்மஸ் பாட்ட ஐப்பசியிலயே வாசிச்சி வச்சிருவாரு, மழையில நனைஞ்சு குளுந்து சரியா மார்கழிக்கு வந்து எறங்கும். வாசிக்கிறப்போ அவருக்கு ஒண்ணுங் கேக்காது. வாறப்போ வீட்டு வராந்தாவுல சாஞ்சு உக்காந்து, யாரோ வாசிக்கிறதக் கேக்குற மாதிரி கண்ண மூடிக் கேப்பாரு. அவரு தப்பு விட்ட எடம் என்னைக்கு வரும்னு அவருக்குத் தெரியும். அன்னைக்கு மட்டும் வெக்கப்பட்டுக் கடற்கரைக்குப் போயிருவாரு. ஊருக்கும் தெரியும். அந்தத் தப்பு வாற எடத்துல ஊரே சேந்து ஒரு இருமல் இருமும், அவரு காதுல விழாம. அம்மங்கோயில் பூசாரியும் இருமுவாரு, மரியாதைக்கு.

கல்யாணத்துக்குத்தான் கொஞ்சம் சங்கடம். நாளு குறிச்ச உடனே தொரையிட்டச் சொல்லி வாசிச்சி வச்சிறணும். ஞானாபரணம்னு ஒரு புள்ள, அவளுக்குப் பேசின மாப்பிள்ள வீட்டுக்காரன் தாலி கட்டுற அன்னைக்குக் காலைல முடியாதுன்னுட்டான். பொண்ணு சீல கட்டி நிக்கா, பாட்டு வேற வந்துக்கிட்டு இருக்கு. பொண்ணோட அப்பன் தொரையிட்ட ஓடினான். "தொர, பாட்டக் கொஞ்சம் நிறுத்துங்களேன்!"

"அப்பனே, நான் அதைத் தையிலே வாசித்துவிட்டேனே."

வாசிச்ச பாட்டத் திருப்பி அடைக்க முடியுமா? ஊரு சுத்துமுத்தும் பாத்துச்சு. கோயிலுக்குப் பின்னால பனை உச்சியில வேதமாணிக்கம் பதனி எறக்கிக்கிட்டு இருந்தான், நல்ல பையன், கல்யாணம் ஆவாதவன். "எலே, எறங்குலே!"ன்னாவ. இடுப்புக் கயித்தோட எறங்கி வந்தவன, "இந்தப் புள்ளையக் கட்டிக்கிடுதியா?"ன்னு கேட்டாவ. அவன் அவளப் பாத்தான், "அவுக என்ன சொல்லுதாவ?"ன்னான். அவ, "மொதல்ல கைய கழுவிட்டு வரச் சொல்லுங்க"ன்னா. பாட்டு முடியுறதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சிது. இன்னைக்கு வரைக்கும் அவுக வம்சத்துல ஒரு சண்ட கெடையாது.

சாவுக்கு என்ன செய்ய? யாரு என்னைக்குப் போவாவன்னு தெரிஞ்சா வாசிக்க முடியும்? செத்தவுக எல்லாம் பாட்டு இல்லாமலே குழிக்குப் போனாவ. எஸ்தர் பெரியம்மைக்கு இது பொறுக்கல. நாலு தோப்புக்குச் சொந்தக்காரி, புருசன் போயி, புள்ளைக கொழும்புல. தடி ஊணிக்கிட்டுத் தொர வீட்டுக்கு வந்து, "எனக்கு இப்பமே வாசிச்சி வச்சிருங்க. ஆடியில வந்து சேரட்டும், நானும் அதுக்குள்ள போயிருதேன்"னா. தொர மறுத்துப் பாத்தாரு, அவ தடிய எடுத்ததும் வாசிச்சிட்டாரு. ஆடி வந்துச்சு, அடக்கப் பாட்டும் வந்துச்சு, பெரியம்ம போவல. கோயில்ல மொத வரிசையில உக்காந்து முழுசும் கேட்டா. பெரியம்ம செத்த பாட்டாச்சேன்னு ஊரே வந்து, சாவு வீட்ல சொல்லுற நல்ல வார்த்தையெல்லாம் அவ மூஞ்சிக்கு நேராச் சொல்லிச்சு. பதினாறு வருசமாப் பேசாத நாத்தனா வந்து கட்டிப்புடிச்சி அழுதா. பாட்டு முடிஞ்சதும் பெரியம்ம மூக்கச் சிந்திட்டு, "நடுவுல கொஞ்சம் இழுத்துட்டாரு, மத்தபடி சாவலாம்"னா. அதுல இருந்து ஊர்ல வயசானவுக எல்லாம் தன் அடக்கப் பாட்ட உசிரோட இருக்கையிலயே கேட்டுக்கிட்டாவ. அது ஒரு மொறையாவே ஆயிப் போச்சு.

வருசம் போச்சு. பாட்டு இப்போ ஒரு முழு வருசம் பிந்தி வந்துது. தொரைக்கும் இருமல் வந்துச்சு. அந்தக் கெழவருட்ட இருந்து நின்ன இருமல்தான் இங்க வந்துட்டுதுன்னு தவசிமுத்து சொல்லுவான். மிசன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா நெஞ்சுல குழல வச்சிக் கேட்டுட்டு, "இந்த மழை தாண்டுறது கஷ்டம்"னு சொல்லிட்டாவ.

தொர வீட்டுக்கு வந்து பெட்டியத் தொறந்து, பழுத்துப் போன அந்தத் தாள வெளிய எடுத்தாரு. செவப்பு மை மங்கிக் காவியாயிருந்துச்சு. பாத்துக்கிட்டே இருந்துட்டு மறுபடியும் உள்ள வச்சாரு. ஞானப்பூ வாசல்ல நின்னு பாத்தா.

"அது என்னா தாளு தொர?"

"என் பாட்டு. இதை ஒருமுறை என் செவியால் கேட்கவேண்டும் என்றே இத்தேசத்திற்கு வந்தேன்."

"வாசிக்க வேண்டியதான?"

"இன்று வாசித்தால் அடுத்த வருஷம் வரும். நான் இருக்கமாட்டேன். அதுவுமன்றி, அதன் கடைசிச் சுரத்திற்கு என்னிடத்தில் குழல் இல்லை. அந்தக் குழல் இல்லாமல் அது பாட்டே அல்ல, ஞானப்பூவே."

ஞானப்பூவுக்கு இடுப்புல நெருப்பு வச்ச மாதிரி இருந்துச்சு. அடுப்படிக்குள்ள போயி உக்காந்தா. இப்பமே கொண்டு குடுத்துறலாம்னு எந்திரிச்சா. குடுத்து என்ன, அந்தக் குழலும் அடுத்த வருசந்தான பாடும்னு உக்காந்தா. அன்னைக்குத் தொரைக்குச் சோறு குழைஞ்சு போச்சு.

சேதி ஊருக்குள்ள பரவி, கோயில் மரத்தடியில கூட்டம் கூடிச்சு. எஸ்தர் பெரியம்மதான் மொதல்ல பேசினா, அவ இன்னும் போவல. "என் சாவுப் பாட்டையே என்னக் கேக்க வச்ச மனுசன். அவரு பாட்ட அவரு கேக்காம போவணுமா? நல்லாருக்குமாலே ஊரு?"

"ஆர்கன் ஊமையாக் கெடக்கு, நாம என்ன பெரியம்ம செய்ய?"

"ஆர்கன் ஊமைன்னா நீயும் ஊமையா? ஒங்க வீட்டுக் குழல் எப்படிக் கத்தும்?"

"உம்முனு."

"கத்து."

அவன் கத்தினான். பக்கத்து வீட்டுக்காரி தன் வீட்டுக் குழல் மாதிரி கத்தினா. அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, மரத்தடி பூராவும் ஆர்கனாயிப் போச்சு. எல்லாம் சரி, தொர எப்போ எந்தக் கட்டைய அமுக்குதாருன்னு யாருக்குத் தெரியும்? வேதமாணிக்கம் தலையச் சொறிஞ்சான். "கட்டைக்குக் கட்டை பனைநாரு கட்டி, ஆர்கன் இருக்க மாடியில இருந்து கீழ விடுதேன். கட்டைக்கு உரிய வீட்டுக்காரன் விரல்ல முடிஞ்சிக்கிடட்டும். வெட்டி இழுத்தா கத்து, விட்டா நிறுத்து. ஆட்டுக்குட்டிக்கே இம்புட்டுப் புத்தி உண்டு."

அவன் நாரு கிழிச்சிக்கிட்டு இருக்கையில ஞானப்பூ வந்து நின்னா. "ஏ, அந்த ஓரக் கட்டைக்கும் ஒரு நாரு கட்டு."

"அதுக்குத்தான் குழலே இல்லியே, மைனி."

"கட்டுன்னா கட்டு. சன்னல் வழியா வெளிய விட்டுரு."

அவன் அவ மூஞ்சியப் பாத்தான், அவ இடுப்பப் பாத்தான், நீளமா ஒரு நாரு கிழிச்சான்.

ஒரு சனிக்கெழம சாயங்காலம், வெயிலு மேக்குச் சன்னல் வழியா உள்ள விழுந்து மஞ்சளாக் கெடக்கையில, தொரைய நாற்காலியோட தூக்கி மாடியில கொண்டு உக்கார வச்சாவ. கீழ ஊரு முழுசும் நிக்கு. ஒவ்வொருத்தர் விரல்லயும் ஒரு நாரு, எல்லா நாரும் மேல ஏறி வந்து அவரு மடிக்கிட்ட முடியுது, வெயில்ல அம்புட்டும் பொன்னுக்கம்பியா மின்னுது. மீன்புடிக்கிற ஆளுக பெரிய குழலுக்காகப் பின்னால, நெஞ்ச நிமித்திக்கிட்டு. புள்ளைக முன்னால. அத்தியட்சரு தூணுக்கிட்ட, அவருக்கும் ஒரு நாரு உண்டு. அன்னைக்கு மழையில அவரும் ஒரு குழல வீட்ல வச்சி ஊதினவருதான்.

"ஏன் இவ்வளவு பிரயாசம்?"ன்னாரு தொர.

"நீங்க வாசிங்க தொர, நாங்க மிதிக்கோம்"னு தவசிமுத்து துருத்தியில ஏறினான். ஆர்கன் இப்பப் பாடாட்டாலும் வாசிச்சது வாசிச்சதுதான, அடுத்த வருசம் வரணும்லா.

தொர விரல் வச்சாரு. கீழ ஒரு கொரலு எந்திரிச்சிச்சு. மறு விரல் வச்சாரு, இன்னொரு கொரலு. கட்டைக்கு ஒரு வீடு, உம்முனும் ஓன்னும் ஈன்னும், வெத்தல போட்ட தொண்ட, கள்ளு குடிச்ச தொண்ட, பல்லு இல்லாத வாய், பால்மணம் மாறாத வாய், எல்லாம் நாரு இழுத்த எடத்துல தொறந்து, விட்ட எடத்துல மூடிச்சு. மாலைப் பாட்டு படி எறங்க ஆரம்பிச்சிது. சன்னல் வெளிச்சமும் கூடவே எறங்கிச்சு, மேல் சுவத்துல இருந்து கீழ் சுவத்துக்கு, சுவத்துல இருந்து தரைக்கு. தொர தன் வாழ்நாள்ல மொத தடவையா வாசிச்சிக்கிட்டே தன் பாட்டக் கேட்டாரு, யாருட்டயும் தாள் காட்டாம, எந்தக் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தும் தலையாட்டலுக்குக் காத்திருக்காம. கண்ணுல தண்ணி கொட்டி, தாள் தெரியல. தாள் வேண்டியும் இல்ல.

முடியுற எடம் வந்துச்சு. பாட்டு திடுதிப்புனு மேல ஏறிச்சு. ஏறி, கடேசிப் படிக்கு முன்னால நின்னுச்சு. ஓரக் கட்டையில ஒரு நாரு முடிஞ்சிருக்கது அப்பந்தான் அவரு கண்ணுல பட்டுது. பையன் தெரியாமக் கட்டிட்டான்னு நெனச்சாரு. அங்க குழல் இல்ல, வீடு இல்ல, ஒண்ணுங் கெடையாது. ஆனாலும் அந்தச் சுரத்த எழுதினது அவருதான. கைய நீட்டி, சின்ன விரலால அமுக்கினாரு.

நாரு சன்னல் வழியா வெளிய போயி, கோயில் சுவருக்குப் பின்னால, வேப்பமரத்து நெழல்ல தனியா நின்ன ஞானப்பூ விரலச் சுண்டிச்சு. அவ குழல வாயில வச்சி, நெஞ்சுல இருந்த காத்து பூராவும் உள்ள விட்டு, கட்டவிரல எடுத்துட்டா. உள்ள அடைஞ்சு கெடந்த சாம்பலெல்லாம் பொகையாப் பறந்துது. சத்தம் சன்னல் வழியா உள்ள போயி, எல்லாக் கொரலுக்கும் மேல ஏறி நின்னுச்சு, ஊசி முனையில தண்ணிச் சொட்டு நிக்கிற மாதிரி.

தொர விரல எடுக்கவே இல்ல. தலைய ஒருச்சாய்ச்சி அந்தச் சத்தத்த முழுசும் கேட்டாரு. மொகத்துல ஒரு சிரிப்பு பரவிச்சு, கொழந்தைக்கு வாற சிரிப்பு.

"ஓ"ன்னாரு மெதுவா. "கரிச்சான்."

வீட்டுக்குக் கொண்டு வந்து படுக்க வச்சப்போ ஞானப்பூ குழலத் தொடைச்சிக் கொண்டாந்து, கட்டில்ல வச்சிட்டுத் தலையக் குனிஞ்சிக்கிட்டு நின்னா. தொர அத எடுத்து, வாய்ப் பக்கம் கறுத்திருந்த கரியப் பாத்து, திரும்ப அவ கையிலயே குடுத்தாரு. "அடுப்பு அணைந்துபோகும், ஞானப்பூவே. காப்பி போடு"ன்னாரு.

மொத மழையில தொர போயிட்டாரு. எல்லாருக்கும் முன்கூட்டி வாசிச்சி வச்ச மனுசன், தனக்கு ஒண்ணும் வாசிச்சி வைக்கல. வெறும் மழைச் சத்தத்துல அடக்கம் பண்ணினாவ. காத்து அன்னைக்கு ஒருத்தர் குடையையும் வாங்கல.

மறு வருசம் அதே சனிக்கெழம, அதே சாயங்காலம், பூட்டின கோயில்ல இருந்து மாலைப் பாட்டு வந்துச்சு. இந்தத் தடவ ஆர்கனே பாடிச்சு. யாரும் பாடல, அவுகவுக நின்ன எடத்துல நின்னாவ, உப்பளத்துல, தோணியில, பனை உச்சியில. ஆனா ஒவ்வொருத்தருக்கும் தன் வீட்டுக் குழல் வாற எடத்துல, நாரு கட்டாத விரலு தானாத் துடிச்சிச்சு. வெளிச்சம் படி எறங்கிச்சு, பாட்டும் எறங்கிச்சு, திடுதிப்புனு மேல ஏறிச்சு, கடேசிப் படிக்கு முன்னால வந்து நின்னுச்சு. அங்க குழல் இல்லியே. ஆர்கன் அந்த எடத்த வெறுமனே விட்டுட்டு நிக்குது, ஊரு மூச்சப் புடிச்சிக்கிட்டு நிக்குது.

ஆளில்லாத தொர வீட்ல ஞானப்பூ ஈர வெறகோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தா. சின்ன விரலு சுண்டிச்சு. ஊதிக்கிட்டே கட்டவிரல எடுத்தா. ஊருக்கு மேல அந்தச் சத்தம் போயி உக்காந்துச்சு, எம்புட்டு நேரம் உக்காரணுமோ அம்புட்டு நேரம். அப்புறம் விரலப் பொத்திக்கிட்டு மறுபடியும் அடுப்புக்குள்ள ஊதினா. தீ பத்திக்கிட்டுது.